பன்றிக்கு மட்டும் விஷம்

அமெரிக்காவின் 35 மாநிலங்களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. அந்தக் கண்டத்தில் பன்றி இயற்கையாக வாழ்ந்ததே இல்லை. 1539-ல் ஃபுளோரிடாவில் இறங்கிய ஸ்பானியத் தளபதி ஹெர்னாண்டோ டி சோட்டோ தன் படைக்கு உணவாக ஓட்டிவந்த மந்தை, அங்கே கால்பதித்த முதல் பன்றி மந்தைகளுள் ஒன்று. குடியேறியவர்கள் அவிழ்த்துவிட்ட வளர்ப்புப் பன்றிகளும், இருபதாம் நூற்றாண்டில் வேட்டைக்கென்று ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட காட்டுப்பன்றிகளும் கலந்து உருவானதே இன்றைய கூட்டம். நம்மூர்க் காட்டுப்பன்றி இந்த மண்ணுக்கே உரிய விலங்கு. அதன் கதை வேறு.

விதைத்த மக்காச்சோள வயலில் ஒரு கூட்டம் இரவில் இறங்கினால், வரிசை பிடித்து ஒவ்வொரு விதையாகத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும். ஓடைக்கரைகள் சேறாகின்றன, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகள் தப்புவதில்லை, தொழுவத்துப் பன்றிகளுக்கு நோய் தொற்றுகிறது. பெண்பன்றி ஒரு வயதுக்குள்ளேயே சினை பிடிக்கும். நாலு மாதத்துக்கும் குறைவான காலத்தில் ஐந்தாறு குட்டிகள் போடும். அதனால்தான், ஒரு வட்டாரத்தில் எண்ணிக்கை ஏறாமல் தடுக்கவே ஆண்டுக்குச் சுமார் 70 சதவீதப் பன்றிகளை அகற்ற வேண்டும் என்று வனவிலங்கு அலுவலர்கள் கணக்கிடுகிறார்கள்.

துப்பாக்கியால் அந்தக் கணக்கை எட்ட முடியவில்லை. ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி ஓடி, இரவில் மட்டுமே வெளிவரப் பழகிக்கொள்கின்றன. வேட்டைப் பிரியர்கள் லாரியில் ஏற்றிப் புதிய இடங்களில் விட்டதும் நடந்திருக்கிறது. வேட்டை தீர்வாகாமல் பரவலுக்குத் துணைபோகிறது என்று கண்ட மிசோரி மாநிலம், தன் பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையை 2016-ல் தடை செய்தது. டெக்சாஸில் ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதற்கு 2011 முதல் அனுமதி உண்டு. திறந்த புல்வெளியில் அது பலன் தரும். அடர்ந்த மரங்களுக்கடியில் தராது.

நிதானமாக வேலை செய்வது பட்டிப்பொறி. வட்டமாகக் கம்பிவேலி நிறுத்தி, கதவைத் திறந்தபடியே விட்டு, நாள்தோறும் சோளம் போடுவார்கள். தாயும் குட்டிகளும் மொத்தமாக உள்ளே வரும்வரை கேமராவில் பார்த்துக் காத்திருந்து, கைப்பேசியிலிருந்தே கதவை விழச் செய்வார்கள். பாதிக் கூட்டம் உள்ளே வந்ததும் அவசரப்பட்டால் வெளியே நிற்கும் பாதி அதன்பின் எந்தக் கூண்டையும் நெருங்காது.

இத்தனைக்கும் ஆள் வேண்டும், நாள் வேண்டும். அதனால்தான் நச்சுத்தீனியின் மேல் கண் போகிறது. பன்றியைக் கொல்லும் நஞ்சு கிடைப்பது கடினமல்ல. அதே தீனியைத் தின்னக்கூடிய ரக்கூன், மான், கரடி, பறவை, நாய் ஆகியவற்றைக் காப்பதுதான் கடினம். இந்தத் துறையின் உழைப்பெல்லாம் இங்கேதான் செலவாகிறது.

இதய நோயாளிகளுக்கு இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரின் முதலில் எலிவிஷமாகத்தான் விற்பனைக்கு வந்தது. எலித்தீனியில் இருப்பதைவிட மிகக் குறைந்த அளவில் அது கலந்த ‘கபுட்’ என்ற பன்றித்தீனிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2017 தொடக்கத்தில் அனுமதி வழங்கியது. தின்ற பன்றியின் கொழுப்பு நீலமாகிவிடும்படி சாயமும் சேர்த்திருந்தார்கள், அறுப்பவர் பார்த்ததும் தெரிந்துகொள்ள. ஆனால் டெக்சாஸில் வேட்டைக்காரர்களும் காட்டுப்பன்றி இறைச்சி வணிகர்களும் எதிர்த்தனர், வழக்கு வந்தது, சில மாதங்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது. 2024-ல் கட்டுப்பாடுகளோடு அம்மாநிலம் அதை மீண்டும் அனுமதித்தது. உள்ளே இரத்தம் கசிந்து பன்றி சாகப் பல நாளாகும் என்பது இந்த நஞ்சின் மீது நிற்கும் கனமான குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டும்கூட.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. இறைச்சியைப் பதப்படுத்தச் சேர்க்கும் சோடியம் நைட்ரைட், அளவு மீறினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். அந்தக் கேட்டைச் சரிசெய்யும் நொதி பன்றியிடம் மிகக் குறைவு என்பதால் அது எளிதில் மாளும். நஞ்சு உடம்பில் தங்குவதில்லை. பிணத்தைத் தின்னும் கழுகுக்கு ஆபத்து குறைவு. உப்புக் கரிப்பை மறைக்க நுண்ணிய உறைக்குள் பொதிந்து ‘ஹாக்கான்’ என்ற தீனியாக்கினார்கள்.

தீனித்தொட்டி தனிக் கலை. பன்றி மூக்கால் நெம்பித் தூக்குமளவுக்கு, ரக்கூனின் கைக்கு அசையாதபடி, மூடியைக் காந்தத்தால் இறுக்குகிறார்கள். முதலில் பல நாள் நஞ்சில்லாத தீனி; பழகிய பிறகே விஷம். இவ்வளவு செய்தும் 2018-ல் டெக்சாஸில் நடந்த ஹாக்கான் சோதனை பாதியில் நின்றது. பன்றிகள் வாயிலிருந்து சிந்திய துணுக்குகளைக் கொத்திச் சின்னஞ்சிறு பறவைகள் செத்துக் கிடந்தன. தீனி உதிராதபடி கலவையைத் திருத்திய பிறகே ஆய்வு தொடர்ந்தது. கரடிக்கோ இன்னும் சரியான பதில் இல்லை. பன்றி திறக்கும் மூடியைக் கரடியும் திறந்துவிடும்.

முழு ஒழிப்பு கைகூடியது பெரும்பாலும் தீவுகளில்தான். கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவில் பன்றிக்குட்டிகளை நாடிப் பொன்னாங்கழுகுகள் குடியேறி, அங்கு மட்டுமே வாழும் நரி வகையையும் தின்று அழிவின் விளிம்புக்குத் தள்ளின. 2005-ல் தொடங்கி, தீவை வேலிகளால் பிரித்து, பொறி, ஹெலிகாப்டர், நாய் என்று எல்லாவற்றையும் கொண்டு 5,000-க்கும் மேற்பட்ட பன்றிகளை அகற்றினார்கள். கடைசியில் ஒளிந்தவற்றைக் கண்டுபிடிக்க, சில பன்றிகளின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி விட்டார்கள். அவை துணை தேடிப் போய் மற்றவற்றைக் காட்டிக்கொடுத்தன. நரிகள் பெருகி, 2016-ல் அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கடலே வேலியாக நின்ற இடம் அது. டெக்சாஸின் பண்ணையாரோ, தன் நிலத்தைச் சுத்தம் செய்த மறு மாதமே பக்கத்து நிலத்துப் பன்றிகள் வந்து சேருவதைப் பார்க்கிறார். ஆகவே அங்கே பொறியோ நஞ்சோ, அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் ஒரே பருவத்தில் சேர்ந்து இறங்கினால்தான் பலன்.