சோற்றை நிறுத்திவிடலாமா?

சிறுநீரக வெளிநோயாளர் பிரிவில் உறவினர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "அரிசியில் ஆர்செனிக்கும் காட்மியமும் இருக்கின்றனவாமே டாக்டர், சோற்றை நிறுத்திவிடலாமா?" நிறுத்த வேண்டியதில்லை. ஆயினும், அந்த அச்சம் காரணமற்றதன்று.

ஜப்பானில் தொயாமா பகுதியில், ஜின்சூ ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை நெடுங்காலம் உண்டவர்களுக்கு, குறிப்பாகப் பல பிள்ளைகளைப் பெற்ற நடுவயது கடந்த பெண்களுக்கு, எலும்புகள் மென்மையாகி, இருமினாலே முறியும் நிலை ஏற்பட்டது. வலி தாளாமல் அவர்கள் 'இத்தாய், இத்தாய்' என அரற்றியதே நோயின் பெயராகவும் ஆயிற்று. மேற்பகுதியிலிருந்த கமியோகா சுரங்கத்தின் கழிவில் கலந்த காட்மியமே காரணம் என 1968இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. காட்மியம் சிறுநீரக நுண்குழல்களில் படிந்துவிட்டால் பத்தாண்டுகளுக்கு மேலும் நீங்குவதில்லை. நுண்குழல்கள் பழுதுற்றால், உடல் மீட்டுக்கொள்ள வேண்டிய பாஸ்பேட்டும் கால்சியமும் சிறுநீரோடு போய்விடும். எலும்பு நலிவது அதனால்தான். அவ்வயல்களைச் சீர்செய்ய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

வயலிலேயே இதனைக் குறைக்க முடியாதா? முடியும், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நீர் தேங்கி நிற்கும் வயலில் ஆர்செனிக் கரைந்து பயிரில் ஏறுகிறது. காட்மியமோ கந்தகத்தோடு பிணைந்து மண்ணிலேயே தங்குகிறது. வயலைக் காயவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. நம் உழவர்கள் நன்கறிந்த காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர்ப்பாசனம், நிலத்தடி நீரில் ஆர்செனிக் மிகுந்த வங்காள தேசத்து வயல்களுக்கு நன்மை செய்யும். காட்மியம் படிந்த மண்ணிலோ தீங்காகும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். மாங்கனீசு நுழையும் வாயில் வழியாகவே காட்மியமும் வேருக்குள் நுழைகிறது. அவ்வாயில் செயலிழந்த கோஷிஹிகாரி நெல் வகையை 2012இல் அறிவித்தனர். அதனைப் பயிரிட்டால், காட்மியத்துக்கு அஞ்சாமல் வயலைக் காயவிடலாம்.

இனி வீட்டுப் பானைக்கு வருவோம். குக்கரில் அளந்து வைத்த நீர் முழுவதும் சோற்றிலேயே சுண்டுவதால், ஆர்செனிக்கும் பெரும்பாலும் அங்கேயே தங்கும். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு தூய நீர் வைத்து, கஞ்சியை வடித்தால் ஏறக்குறைய பாதி வெளியேறும். வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் குடித்தால் அந்தப் பயன் போய்விடும். நீர்க் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு அது வேறு வகையிலும் ஆகாது. தவிட்டில் ஆர்செனிக் மிகுதி என்பதால், கைக்குத்தல் அரிசியை மட்டுமே மூன்று வேளையும் உண்ண வேண்டாம்.

காட்மியம் இவ்வாறு எளிதில் வடிவதில்லை. ஆனால் இரும்புச்சத்துக் குறைந்த உடலே அதனை மிகுதியாக உறிஞ்சுகிறது. ஆகவே, மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள். புகையிலைச் செடியும் காட்மியத்தைத் தன் இலையில் சேர்த்து வைக்கிறது. சோற்றைப் பற்றிக் கேட்பவரின் சட்டைப்பையில் பீடிக்கட்டு தெரிந்தால், நான் முதலில் அதைப் பற்றித்தான் பேசுவேன்.