பெரிய மீனைப் பிடித்ததால் குட்டிகள் குறைந்தன: ஒரு சுறாவின் கர்ப்பக் கணக்கு

சின்ன மீனை விட்டுவிடு, பெரிய மீனைப் பிடி. மீன்வளத்தைக் காப்பாற்ற வழக்கமாகச் சொல்லப்படும் விதி இது. சின்னது வளர்ந்து ஒரு தடவையாவது முட்டையிடட்டும் என்பதுதான் இதன் நியாயம். நிறைய மீன்களுக்கு இது பொருந்தும். ஆனால், ஒரு சுறா விஷயத்தில் பெரியதைப் பிடித்ததே வினையாகிப் போனது. இது 1990-களில், அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் நடந்தது.

யார் இந்தச் சுறா?

பெயர் ஸ்பைனி டாக்ஃபிஷ். முதுகில் இரண்டு துடுப்புகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கூர்மையான முள். ஆண் சுமார் 3 அடி வளரும். பெண் 4 அடி வரைகூடப் போகும். இந்த ஒரு அடி வித்தியாசம்தான் பின்னால் பெரிய பிரச்னையானது.

பிரிட்டனின் ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ கடைகளில் ‘ராக் சால்மன்’ என்ற பெயரில் விற்கப்படுவது இதன் சதைதான். ஜெர்மனியில் வயிற்றுப் பகுதியை நீளமாக வெட்டிப் புகைபோட்டுச் சாப்பிடுகிறார்கள். புகையில் அது சுருண்டுகொள்ளும். அதனால் கவிஞர் ஷில்லரின் சுருள்முடியை வைத்து அதற்கு ‘ஷில்லர்லாக்கன்’ என்று பேர்.

எப்போது பருவத்துக்கு வருகிறது?

மரத்தை வெட்டினால் வளையங்களை எண்ணி வயது சொல்வார்கள் இல்லையா? டாக்ஃபிஷுக்கு அதன் முதுகு முள்ளிலேயே அந்தக் கோடுகள் இருக்கின்றன. வடமேற்கு அட்லாண்டிக்கில் ஆண் சுமார் 6 வயதில் பருவமடைகிறது. பெண்ணுக்கு 12 வயது ஆக வேண்டும். பசிபிக்கின் வடகிழக்கில் வாழும் இதன் நெருங்கிய உறவினத்தில், பெண் பருவமடையவே ஏறக்குறைய 35 வருடம் ஆகிறது.

ஆண் பருவமடைந்ததா என்பதை வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். இடுப்புத் துடுப்புகளின் உள்பக்கம் விரல் மாதிரி இரண்டு உறுப்புகள் இருக்கும். விந்தணுவைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்துவது இவைதான். குட்டியாக இருக்கும்போது இவை சின்னதாக, மெத்தென்று இருக்கும். பருவமடைந்ததும் நீண்டு விறைப்பாகிவிடும். பெண்ணின் விஷயத்தில் அப்படி முடியாது. கருமுட்டைகள் எவ்வளவு பெரிதாகியிருக்கின்றன, கருப்பை எந்த நிலையில் இருக்கிறது என்று உடலுக்குள் பார்த்தால்தான் தெரியும்.

யானையைப் போல நீளும் கர்ப்பம்

டாக்ஃபிஷ் கடலில் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. கர்ப்பகாலம் 18 முதல் 24 மாதம். யானைக்கே 22 மாதம்தான்!

தொடக்கத்தில் கருக்கள் எல்லாம் மெழுகுவத்தி மாதிரியான ஒரு மெல்லிய உறைக்குள் சேர்ந்து இருக்கும். சில மாதங்களில் உறை கரைந்துவிடும். அதன்பிறகு ஒவ்வொரு கருவும் தன்னுடன் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையிலிருந்து சத்தை எடுத்துக்கொண்டு வளரும். கடைசியில் பிறப்பது சராசரியாக 6 குட்டிகள், அவ்வளவுதான். அதே கடலில் வாழும் காட் மீன் ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டைகளை இடும்.

இந்தக் குட்டிகள் வயிற்றில் வளரும்போதே, அடுத்த ஈற்றுக்கான கருமுட்டைகளும் சூலகத்தில் வளரத் தொடங்கிவிடும். அதனால் பருவமடைந்த பெண் ஏறக்குறைய வாழ்நாள் முழுக்கக் கர்ப்பமாகவே இருக்கும்.

அப்போ எங்கே தப்பு நடந்தது?

1980-களின் கடைசியில் காட் போன்ற மீன்கள் குறையத் தொடங்கியதும், மீனவர்கள் டாக்ஃபிஷ் பக்கம் திரும்பினார்கள். ஐரோப்பியச் சந்தை கேட்டது பெரிய மீன்களை. பெரிய மீன் என்றால், இந்த இனத்தில் அது பருவமடைந்த பெண். போதாக்குறைக்கு, டாக்ஃபிஷ்கள் ஆண், பெண், சிறியது, பெரியது என்று தனித்தனிக் கூட்டமாகத் திரிபவை. பெண்களின் கூட்டத்தில் வலை போட்டால் சிக்குவதெல்லாம் தாய்கள்தான்.

1997 முதல் 2003 வரையான ஆய்வுகளில் குட்டிகள் மிகவும் குறைவாகவே கிடைத்தன. தாய்களின் எண்ணிக்கை குறைந்தது ஒரு காரணம். மிஞ்சியவை அளவில் சிறியவை என்பது இன்னொன்று. சிறிய தாய் போடும் குட்டிகள் எண்ணிக்கையில் குறைவு, அளவிலும் சிறியவை. அவை பிழைக்கும் வாய்ப்பும் குறைவு.

எப்படிச் சரிசெய்தார்கள்?

டாக்ஃபிஷ் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாக அமெரிக்க அரசு 1998-ல் அறிவித்தது. 2000-ல் மேலாண்மைத் திட்டம் வந்தது, பிடிக்கும் அளவு கடுமையாகக் குறைக்கப்பட்டது. 2010-ல் இனம் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள்.

ஆனால், கணக்கு அதோடு முடியவில்லை. 1997-ல் பிறக்காமல் போன ஒரு பெண் குட்டி, 2009-ல்தான் தாயாகும் வயதுக்கு வந்திருக்கும். 2003-ல் பிறக்காமல் போனது 2015-ல். அதாவது, மீன்பிடிப்பைக் குறைத்து பல வருடம் கழித்துத்தான் அந்த இடைவெளி தாய்களின் எண்ணிக்கையில் எட்டிப்பார்க்கும். 2023-ல் அங்கே பிடிக்கும் அளவு மறுபடியும் கணிசமாகக் குறைக்கப்பட்டது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் இந்தச் சுறாவைப் பிடிக்கும் ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கியது. பல வருடம் கழித்து, 2023-ல் ஒன்றியமும் பிரிட்டனும் மீண்டும் அனுமதித்தபோது ஒரு நிபந்தனை போட்டன: 100 செ.மீ-க்கு மேல் நீளமிருந்தால் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. அந்த நீளத்தைத் தாண்டுபவை பெரும்பாலும் பெண்கள்தான். இந்தச் சுறாவைப் பொறுத்தவரை, வலையிலிருந்து விட வேண்டியது பெரிய மீனைத்தான்.