எலும்பில் ஊன்றிய செயற்கைக் கால்

கால் இழந்தோர்க்குச் செயற்கைக் கால் பொருத்தும் வழக்கம் மிகத் தொன்மையானது. ஆயினும் அதனை உடலோடு இணைக்கும் முறை நெடுங்காலம் மாறவில்லை. எஞ்சிய காலைக் கிண்ணம் போன்ற ஓர் உறைக்குள் செலுத்தி, உடலின் பாரத்தை அதன்மீது சுமத்துகிறோம். பாரம் சுமப்பதற்கென அமைந்தது எலும்பு. இங்கோ தோலும் தசையும் அப்பாரத்தைத் தாங்க நேர்கிறது. வியர்வையாலும் உராய்வாலும் புண் உண்டாகிறது. செயற்கைக் காலை எலும்பிலேயே ஊன்றிவிட இயலாதா?

இவ்வினாவுக்கான விடை எதிர்பாராமல் கிடைத்தது. 1952-ஆம் ஆண்டளவில் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில், பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் அறிஞர் எலும்பினுள் குருதி ஓடும் விதத்தை ஆராய்ந்து வந்தார். முயலின் கால் எலும்பில் டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியைப் பதித்து உற்றுநோக்கினார். ஆய்வு முடிந்து அதனை எடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனைத் தன்னோடு இறுகப் பற்றிக்கொண்டிருந்தது! இப்பிணைப்பைக் கொண்டு 1965-இல் மனிதருக்குப் பல் பொருத்தினர். 1990-இல் தொடையெலும்பில் செயற்கைக் காலுக்கான தண்டையும் ஊன்றினர்.

எனினும் ஓர் இடர் எஞ்சி நின்றது. தண்டு தோலைத் துளைத்து வெளிவரும் இடத்தில் கிருமிகள் புகக்கூடும். இதற்கு வழிகாட்டியது மானின் கொம்பு. அதுவும் தோலைக் கடந்து வளர்வதே. ஆயினும் அவ்விடம் புண்ணாவதில்லை. கொம்பின் அடியிலுள்ள எலும்பின் நுண்துளைகளில் தோலடித் திசுக்கள் இறுகப் பிணைந்திருப்பதை, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கார்டன் பிளன் குழுவினர் கண்டறிந்தனர். அதுபோன்றே நுண்துளைகள் கொண்ட தண்டுகளைச் செய்து விலங்குகளில் சோதித்தனர்.

2009-ஆம் ஆண்டில் ஜெர்சித் தீவில் ஆஸ்கர் என்னும் பூனை, கதிர் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கிப் பின்னங்கால்களின் பாதங்கள் இரண்டையும் இழந்தது. இங்கிலாந்தின் கால்நடை மருத்துவர் நோயல் ஃபிட்ஸ்பாட்ரிக் இவ்வகைத் தண்டுகளை அதன் கணுக்கால் எலும்புகளில் ஊன்றினார். அது மீண்டும் நடந்தது.

இம்முறை எல்லார்க்கும் ஏற்றதன்று. தோலைக் கடக்கும் வாயிலை நாள்தோறும் தூய்மையாகப் பேண வேண்டும். கடுமையாக விழுந்தால் எலும்பே முறியலாம். ஆயினும் உறையைத் தாங்க இயலாதவர்க்கு இது பெரும்பேறு. தரையின் அதிர்வு எலும்பு வழியே ஏறுவதால், கால் எங்கே ஊன்றுகிறது என்பதை அவர் உணரவும் இயலும்.

பூனை தன் சிகிச்சையால் தானே பயனுற்றது. ஆய்வுக்கூடத்து முயலோ பயன் ஏதும் பெறவில்லை. இப்பேற்றை எண்ணும்போது அக்கடனையும் நாம் மறத்தல் ஆகாது.