பட்டறைக் குப்பைக்கும் விலை உண்டு

நகைக்கடை பில்லில் சேதாரம் என்று ஒரு வரி இருக்கும். பத்து சதவீதம் என்றால், எட்டு கிராம் சங்கிலிக்கு 0.8 கிராம் தங்கத்தின் காசு. அந்தத் தங்கம் எங்கே போகிறது என்று கடையில் கேட்டுப் பாருங்கள்; கூல்டிரிங்க்ஸ் வரும், பதில் வராது.

பாதிக் கதை பட்டறையில் கிடக்கிறது. கோவையின் நகைப் பட்டறைகளில் எதையும் சட்டென்று தூக்கி எறிய மாட்டார்கள். அரத்தால் ராவும்போது உதிரும் பொடியை மேசைக்கு அடியிலுள்ள தட்டு பிடித்துக்கொள்ளும். அது நேரே உருக்குக்குப் போய்விடும். மிச்சம்தான் சுவாரஸ்யம். கை கழுவிய தண்ணீரின் வண்டல், மெருகு போட்ட தூசி, தேய்ந்த உப்புத்தாள், தங்கம் உருக்கி உடைந்த மூசை, கடைசியில் கூட்டிய துடைப்பம் வரை மூட்டையாகச் சேரும். அதை விலை பேசி வாங்க ஆள் உண்டு. உள்ளே எவ்வளவு தங்கம் என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. எல்லாம் கண்மதிப்புதான்.

வாங்கியவர் அதை எரித்து, சாம்பலை இடித்துச் சலித்து, தட்டில் நீர்விட்டு அலசுவார். தண்ணீரைவிடத் தங்கம் 19 மடங்கு கனம். மண் வழிந்தோட, அது அடியில் தங்கும். கண்ணுக்கு எட்டாத துகளைக் கவ்வப் பாதரசம். துணியில் பிழிந்து, மிஞ்சிய உருண்டையைக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகும். திறந்த அடுப்பில் காய்ச்சினால் அந்த ஆவி காய்ச்சுபவரின் நெஞ்சுக்குள்தான் போகும். மூடிய வாலையில் காய்ச்சினால் பாதரசம் குளிர்ந்து திரும்பக் கிடைக்கும், மறுபடியும் பயன்படுத்தலாம். பாதரசத்தைக் குறைக்கச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. பின்கட்டு அடுப்புவரை அது வந்து சேரவில்லை.

மிஞ்சிய கட்டியில் வெள்ளி சேர்த்து உருக்கி, நைட்ரிக் அமிலத்தில் போடுவார்கள். வெள்ளியும் செம்பும் கரைய, பழுப்புப் பொடியாகத் தங்கம் நிற்கும். கரைசலில் செப்புத் தகட்டை வைத்தால் வெள்ளியும் படிந்துவிடும். இதுவரை ஒரு துளி வீணில்லை, ஏனென்றால் இதுவரை எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. எஞ்சுவது செம்பு கரைந்த நீலத் தண்ணீர். அதை வாங்க ஆளில்லை, அதனால் சாக்கடைதான். சுண்ணாம்பு கலந்தால் அமிலம் முறிந்து, செம்பு வண்டலாக இறங்கிவிடும். வண்டலைத் தனியே எடுத்துவிடலாம். பெரிய செலவில்லை. மூட்டையை விற்ற பட்டறைக்காரர் பேரம் பேசும்போதே இதையும் ஒரு நிபந்தனையாகச் சொன்னால் நடக்கும்.