நெய்யாத துணிக்குக் கூலி!

வேலை செய்தால் கூலி உண்டு. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. இதுதான் ஊர் வழக்கம்.

ஆனால், வேலை நடக்காத நாளுக்கும் இங்கிலாந்தில் கூலி கொடுத்தார்கள். அந்தப் பணத்தை முதலாளிக்குத் திருப்பிக் கொடுத்தது சர்க்கார்! 1978-ம் ஆண்டில் இந்த ஏற்பாடு வந்தது. ஜவுளி, உடை, காலணித் தொழிலாளர்களுக்காகவே அது வந்தது.

ஏன் அப்படி ஒரு நிலைமை?

இங்கிலாந்தில் லங்காஷயர் என்ற பகுதி பருத்தித் துணிக்குப் பேர்போனது. ஒரு காலத்தில் நம் நாட்டுக் கடைகளில் எல்லாம் அந்தத் துணிதான் குவிந்து கிடந்தது. நம் மக்கள் அன்னியத் துணியை ஒதுக்கியபோது அங்கே ஆலைகள் தள்ளாடின. 1931-ல் காந்திஜி லங்காஷயருக்கே போனார். வேலை இழந்த தொழிலாளிகளைச் சந்தித்துப் பேசினார். அவர்கள் கோபப்படவில்லை, அன்போடு வரவேற்றார்கள்!

அதன் பிறகு அந்த ஆலைகள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஹாங்காங், தென்கொரியா, இந்தியா போன்ற இடங்களிலிருந்து மலிவான துணியும் சட்டையும் வந்து இறங்கின. 1973-ல் பெட்ரோல் விலை ஏறியது. விலைவாசி உயர்ந்தது, வியாபாரம் படுத்தது. ஆலைகளில் ஆட்குறைப்பு நோட்டீசு ஒட்டத் தொடங்கினார்கள்.

ஓல்டாம், பிராட்போர்டு ஆலைகளில் இரவு ஷிப்டு பார்த்தவர்களில் பலர் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போனவர்கள். தையல் ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள். வேலை போனால் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரியும்?

முதல் மருந்து

1975 ஆகஸ்டில் சர்க்கார் ஒரு மானியம் அறிவித்தது. "ஆட்களை வீட்டுக்கு அனுப்பாதே. நீக்க நினைத்த ஒவ்வொரு ஆளுக்கும் வாரத்துக்கு 10 பவுன் தருகிறோம்" என்பது அதன் சாரம். பவுன் என்பது இங்கிலாந்து நாணயம். அடுத்த ஆண்டிலேயே இது 20 பவுன் ஆகியது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு இந்த மானியம் கிடைத்தது. அதில் பெரும்பங்கு ஜவுளி, உடை, காலணித் தொழில்களுக்கே போயிற்று.

மருந்து நல்லதுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி வந்துவிட்டது!

மானியம் வாங்கிய ஆலை முழு நேரமும் ஓடியது. துணி குவிந்தது. கூலியில் ஒரு பங்கை சர்க்கார் கொடுத்ததால், அதைக் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. மானியம் வாங்காத ஆலைக்காரர் என்ன செய்வார்? அவர் சரக்கு தேங்கியது. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் இருந்த மற்ற நாடுகளும் முணுமுணுத்தன. "உங்கள் ஊர் வேலையில்லாத் திண்டாட்டத்தை எங்கள் ஊருக்கு ஏற்றுமதி செய்கிறீர்களே!" என்பது அவர்கள் புகார். பிரசல்ஸ் நகரில் உள்ள ஐரோப்பிய ஆணையம் தலையிட்டது. இங்கிலாந்து சர்க்கார் வழியை மாற்றவேண்டி வந்தது.

மூன்று நாள் வேலை

துணி நெய்வதற்குப் பணம் கொடுத்தால்தானே சண்டை? நெய்யாமல் இருக்கும் நாளுக்குக் கொடுத்தால்? அதுதான் 1978-ல் வந்த புதிய ஏற்பாடு. குறைந்த நேர வேலைத் திட்டம் என்று அதைச் சொல்லலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆலையில் 100 பேர். 60 பேருக்குத்தான் வேலை இருக்கிறது. 40 பேரை அனுப்புவதற்குப் பதிலாக, 100 பேரும் வாரத்தில் 5 நாளுக்குப் பதில் 3 நாள் வந்தால் போதும். நாள் கூலி 10 பவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 நாளுக்கு 30 பவுன் முதலாளி கொடுப்பார். வேலை இல்லாத 2 நாளுக்கு, கூலியில் முக்கால் பங்கு, அதாவது 15 பவுன் கிடைக்கும். அதைத்தான் சர்க்கார் முதலாளிக்கு ஈடுசெய்யும். ஆக 50 பவுன் வாங்கியவர் 45 பவுன் வாங்குவார். இடுப்பைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அடுப்பு அணையாது.

முதலாளிக்கும் இதில் லாபம் உண்டு. கைதேர்ந்த தையல்காரியை அனுப்பிவிட்டால், ஆர்டர் வரும்போது அவளை எங்கே தேடுவது?

நம் ஊர் மில் தொழிலாளிக்கு 'லே-ஆப்' என்றால் தெரியும. 1953-ல் வந்த இந்தியச் சட்டத் திருத்தம் அதற்குப் பாதிச் சம்பளம் என்று வகுத்தது. ஆனால் அதைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. கையில் காசில்லாத முதலாளி எங்கிருந்து கொடுப்பார்? இங்கிலாந்து ஏற்பாட்டின் பலமே, அந்தச் சுமையைப் பொதுக் கஜானா ஏற்றதுதான்.

பத்து லட்சம் பேர்

1979 ஏப்ரலில் இந்தத் திட்டம் எல்லாத் தொழில்களுக்கும் விரிந்தது. அடுத்த மாதமே தேர்தல். மார்கரெட் தாட்சர் பிரதமரானார். நொடித்த ஆலைக்கு சர்க்கார் பணமா என்று முகம் சுளிக்கும் கட்சி அவருடையது. ஆனாலும் அவர் திட்டத்தை உடனே நிறுத்தவில்லை. நிறுத்த முடியாதபடி மந்தம் முற்றியது! 1981-ன் தொடக்கத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இந்தத் திட்டத்தில் இருந்தார்கள். முக்கால் பங்கு ஈடு மட்டும் பாதியாகக் குறைக்கப்பட்டது.

குறைகளும் இருந்தன. ஆட்குறைப்பு எண்ணமே இல்லாத முதலாளி, "அனுப்பத்தான் போகிறேன்" என்று சொல்லிப் பணம் வாங்கினால் எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் மனதுக்குள் புகுந்து பார்க்க எந்த அதிகாரியால் முடியும்? மானியத்துக்குக் காலக்கெடுவும் உண்டு. கெடு முடிவதற்குள் ஆர்டர் வந்த ஆலை பிழைத்தது. வராத ஆலையில் பழைய நோட்டீசு மறுபடியும் ஒட்டப்பட்டது. 1982 ஜனவரியில் நாட்டில் வேலையில்லாதோர் தொகை 30 லட்சத்தைத் தாண்டியது.

1984 மார்ச்சில் திட்டம் முடிந்தது. லங்காஷயரின் பழைய ஆலைக் கட்டடங்கள் பல இன்று சரக்குக் கிடங்குகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன.

2020-ல் கொரோனா வந்து கடைகளும் ஆலைகளும் மூடியபோது, அதே நாட்டு சர்க்கார் மறுபடி இந்த வழிக்கே வந்தது. வீட்டில் இருந்த தொழிலாளியின் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுன் வரை, முதலாளி மூலம் கொடுத்தது. அது 2021 செப்டம்பர் வரை நடந்தது.