தண்ணீரில் எண்ணெய் வாடை!

மலைக்குள் இருந்த தொட்டி. கிணற்றில் கலந்த எண்ணெய்

ஹவாய்த் தீவுகளில், அமெரிக்கக் கடற்படைக்குச் சொந்தமான குழாய்த் தண்ணீரைச் சுமார் 93 ஆயிரம் பேர் பயன்படுத்தி வந்தார்கள். பெரும்பாலும் படைவீரர்களின் குடும்பங்கள்.

2021-ம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி. குழாயைத் திறந்த தாய்மார்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தண்ணீரில் எண்ணெய் வாடை! சில வீடுகளில், பிடித்து வைத்த தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது.

குழந்தைகளுக்கு வயிற்றுவலி, வாந்தி. பெரியவர்களுக்குத் தலைவலி. பலருக்கு உடம்பில் தடிப்பு.

என்ன நடந்தது?

20 தொட்டிகள்

ஹொனலுலு நகருக்கு அருகே "ரெட் ஹில்" என்ற மலை இருக்கிறது. இரண்டாவது உலகப் போரின்போது அந்த மலையைக் குடைந்து, 20 எண்ணெய்த் தொட்டிகளைக் கட்டினார்கள். 1943-ல் வேலை முடிந்தது.

ஒவ்வொரு தொட்டியும் 250 அடி உயரம். 20 மாடிக் கட்டிடம் ஒன்றை உள்ளே நிறுத்திவிடலாம்! எல்லாத் தொட்டிகளிலும் சேர்த்துச் சுமார் 95 கோடி லிட்டர் எண்ணெய் பிடிக்கும்.

இந்தத் தொட்டிகளுக்குச் சுமார் 100 அடி கீழேதான் நிலத்தடி நீர் இருக்கிறது. ஹொனலுலு மக்களுக்கும் அதுவே குடிநீர்.

2021 நவம்பர் 20-ந் தேதி, தொட்டிகளை ஒட்டிய சுரங்கப் பாதையில் ஒரு குழாய் உடைந்தது. விமான எரிபொருள் கொட்டியது. அது கடற்படையின் கிணற்றில் கலந்தது. அங்கிருந்து வீட்டுக் குழாய்களுக்கு வந்துவிட்டது.

யார் சொன்னது சரி?

நவம்பர் 28-ந் தேதி கிணறு மூடப்பட்டது. ஆனால் மறுநாளே, தண்ணீர் கெட்டுவிட்டதாக உடனடி அறிகுறி எதுவும் இல்லை என்று கடற்படை அதிகாரி ஒருவர் அறிவித்தார். தாமும் அதையே குடிப்பதாகச் சொன்னார்.

தாய்மார்கள் வாடை அடிக்கிறது என்றார்கள். அதிகாரி பயமில்லை என்றார். வழக்கைத் தீர்த்து வைத்தது, ஒரு பள்ளிக்கூடத்தில் எடுத்த தண்ணீர்!

அதில் எண்ணெய் கலந்திருப்பதாக டிசம்பர் 1-ந் தேதி தெரிந்தது. பிறகு கிணற்று நீரையும் சோதித்தார்கள். குடிநீருக்குச் சுகாதாரத் துறை வகுத்திருந்த அளவைப்போல் 350 மடங்கு எண்ணெய் இருந்தது!

மூக்கு போதாதா?

போதாது. வாடை அடித்தால் அது எச்சரிக்கை. வாடை இல்லை என்பதால் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

பெட்ரோலில் "பென்சீன்" என்ற பொருள் உண்டு. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. அமெரிக்கச் சட்டப்படி, குடிநீரில் 100 கோடிப் பங்குக்கு 5 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது. அவ்வளவு சிறிய அளவை மூக்கும் அறியாது; நாக்கும் அறியாது.

சோதிப்பது எப்படி?

பூமிக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி இருந்தால், அதைச் சுற்றிச் சிறு சோதனைக் கிணறுகள் தோண்டுவார்கள். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கத்தில் அவசியம் இருக்க வேண்டும்.

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதக்கும். கருவி பொருத்திய அளவு நாடாவை உள்ளே இறக்கினால், எண்ணெய் எத்தனை கனம் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பதைக் காண, தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்புவார்கள். ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது! இருந்தால் எண்ணெய் ஆவியாகி அதற்குள் போய்விடும். சோதனை குறைத்துக் காட்டும். குப்பியை ஐஸில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

ஒரு முறை சோதித்தால் போதாது. மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும்.

கொதிக்க வைக்காதீர்கள்!

தண்ணீரில் எண்ணெய் வாடை வந்தால் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். எண்ணெயோ ஆவியாகி, சமையலறையில் இருப்பவர்களின் மூச்சில் ஏறும்.

தொட்டிகளை மூடும்படி 2022 மார்ச் 7-ந் தேதி உத்தரவு பிறந்தது. 2024-க்குள் சுமார் 39 கோடி லிட்டர் எண்ணெய் வெளியேற்றப்பட்டது.

எண்ணெய் போய்விட்டது. ஆனாலும் நிலத்தடி நீரைச் சோதிக்கும் வேலை நிற்கவில்லை. தொட்டியைக் காலி செய்துவிடலாம்; மண்ணில் இறங்கிய எண்ணெயை அப்படி எளிதில் எடுத்துவிட முடியாது!