கரையும் சிறகும் – 9: கழுத்தில் தொங்கும் எடை

பிள்ளைச்சாவடியில், கடல் அரித்தது போக மிச்சமிருக்கும் மணலில் உட்கார்ந்து ஆலாக்களைப் பார்ப்பவருக்குப் பைனாகுலரின் எடை ஒரு பொருட்டே இல்லை. முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதே ஆள் திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குப் பேருந்து ஏறி, ராஜகிரிப் படிகளில் கால் வைக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. மலை சுமார் 240 மீட்டர்தான். ஆனால் வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். தண்ணீரே இரண்டு கிலோவுக்குக் குறையாமல் முதுகில் இருக்கும். இதற்கு மேல் கழுத்தில் முக்கால் கிலோ ஆடினால், பாதி மலையிலேயே அது பைக்குள் போய்விடும். செஞ்சிப் பாறைகளில் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான் தீபகற்ப இந்தியாவின் பாறைக் குன்றுகளுக்கு மட்டுமே உரிய பறவை. நாம் ஜிப்பைத் திறக்கும் வரை அது புதரில் காத்திருக்காது.

கூடுதலாகக் காசு கொடுத்தால் எடை குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை வேறு. பத்தாயிரம் ரூபாய்க்கு அருகில் கிடைக்கும் நிக்கான் அகுலான் 8×42 சுமார் 755 கிராம். லட்சக்கணக்கில் விலைபோகும் ஸ்வரோவ்ஸ்கி என்.எல். ப்யூர் 8×42 சுமார் 840 கிராம். காட்சியின் ஓரம் வரை கூர்மையாகத் தெரிய வேண்டுமென்றால் உள்ளே கூடுதல் லென்ஸ்கள் வேண்டும், கண்ணாடி கனமானது. விலை வாங்கித் தருவது தெளிவை, அகலமான காட்சியை, உறுதியான உடலை. எடையைக் குறைப்பது முன் லென்ஸின் அளவு. 8×42 என்பதில் பின்னால் வரும் 42 மில்லிமீட்டரை 30 ஆக்கினால், நிக்கான் மொனார்க் எம்7 போன்ற ஒன்று 465 கிராமுக்கு வந்துவிடும். 25 ஆக்கினால் 300 கிராமை ஒட்டிக்கூட இறங்கலாம்.

அப்படியானால் எல்லோரும் 25-ஐயே வாங்கிவிடலாமே? இங்கேதான் நிதானிக்க வேண்டும். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால் மில்லிமீட்டர், 30-க்கு மூன்றேமுக்கால், 25-க்கு மூன்றைச் சற்றுத் தாண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால், காலை எட்டு மணிச் செஞ்சியில் 42-இன் கூடுதல் ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்குள்ளேயே போகாது. விடியும் முன் ஊசுட்டேரிக் கரையில் நிற்பவருக்கு மட்டும் அந்த ஒளி வேண்டும். 25-இல் இன்னொரு தொல்லை: ஒளிக்கற்றை சிறியது என்பதால் கண்ணை நேராகப் பொருத்தவே சிரமம். மூச்சு வாங்கும் நேரத்தில் கை நடுங்கினால் காட்சி கறுத்துக் கறுத்து மறையும். பத்து மடங்கு உருப்பெருக்கத்தை மலைக்கு நான் பரிந்துரைக்காததும் இதனால்தான். பறவையோடு கை நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கும்.

பணம் எங்கே அவசியம் என்றால், ஒல்லியான நேர்க்குழல் வடிவத்தில். பழைய அகன்ற தோள் வடிவமான போரோ பிரிசம் எளிமையானது. குறைந்த விலையிலும் நல்ல காட்சி தரும், ஆனால் பருமன் அதிகம். நேர்க்குழலுக்குள் இருக்கும் கூரைப் பிரிசத்தில் மெல்லிய சிறப்புப் பூச்சுகள் இல்லாவிட்டால் காட்சி மங்கும். அந்தப் பூச்சுகளுக்குத்தான் விலை. மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் குட்டி நேர்க்குழல்களை வாங்க வேண்டாம் என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவ்வளவுதான் கையிருப்பு என்றால், இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கனமான போரோ ஒன்றை வாங்குங்கள். கழுவேலி ஏரிக்கரையில் நின்று பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் பார்க்க அது தாராளம். செஞ்சிக்குப் போகிற அன்று தோள்பட்டை வார் மாட்டிக்கொள்ளுங்கள். எடை கழுத்தை விட்டு இரண்டு தோளுக்கும் பிரியும், கிராம் குறையாவிட்டாலும் வலி குறையும்.

நம் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு எடைக்கும் முந்திய ஒரு கேள்வி உண்டு. நைட்ரஜன் நிரப்பி, நீர் புகாமல் மூடியதா? அகுலான் அப்படி மூடியதல்ல, மொனார்க் மூடியது. மூடாத பைனாகுலருக்குள் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று புகுந்தால் லென்ஸில் பூஞ்சை படரும். படர்ந்தபின் சுத்தம் செய்யும் செலவு சில சமயம் வாங்கிய விலையை நெருங்கும். விலை வித்தியாசத்தைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள். கோட்டக்குப்பத்திலோ காலாப்பட்டிலோ குடியிருந்து, மாதம் ஒருமுறையாவது மலை ஏறுகிறவர் என்றால் என் பதில் 8×30, நீர் புகாதது, அரை கிலோவுக்குள், கையிருப்பு அனுமதிக்கும் நடுத்தர விலையில். அதை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தோல் உறையில் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.